தாய் முகம் பார்க்காத குஞ்சு

(நாமக்கல்லில் கோழிப் பண்ணையாளர்களும் கால்நடை மருத்துவ மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கோழி எச்சத்தைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். அதுவும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால். வேறு ஊராக இருந்தால் தயங்கியிருப்பேன். நாமக்கல்லில் அந்த வாடைக்கு யாரும் மூக்கைப் பொத்துவதில்லை என்ற தைரியத்தில் ஆரம்பிக்கிறேன்.

கோழி இரண்டு விதமாக எச்சமிடும் என்பது உங்களுக்குத் தெரியும். நாள் முழுக்க விழுவது ஒரு வகை. கொஞ்சம் கெட்டியாக, மேலே வெள்ளை படிந்திருக்கும். இன்னொரு வகை நாளைக்குச் சில தடவைதான் விழும். பழுப்பு நிறம், பிசுபிசுப்பு, நாற்றமும் அதிகம். புதிதாகப் பண்ணை போட்டவர்கள் அதைப் பார்த்ததும் கழிச்சல் வந்துவிட்டது என்று மருந்துக் கடைக்கு ஓடுவார்கள். அது நோய் கிடையாது. குருட்டுக்குடலிலிருந்து வருவது. கோழிக்குக் குருட்டுக்குடல் இரண்டு. சிறுகுடல் முடியும் இடத்தில் இரு பக்கமும் பை மாதிரி நீண்டு கிடக்கும். சிறுகுடலில் செரிக்காமல் மிஞ்சிய நார்ச்சத்து அங்கே போய்த் தங்கிப் புளிக்கிறது. வளர்ந்த கோழியின் குருட்டுக்குடலில் ஒரு கிராம் சரக்கை எடுத்தால் அதில் பத்தாயிரம் கோடி பாக்டீரியா வரை இருக்கும்.

அந்தச் சரக்கு தாயிடமிருந்து குஞ்சுக்குப் போய்ச் சேர வேண்டும். நம் பண்ணைகளில் போய்ச் சேருவதில்லை. காலியாக வந்த குடலில் யார் குடியேறுகிறார்கள் என்பதை முதல் நாளில் யாரும் கவனிப்பதும் இல்லை. போதாததற்கு அதே நாளில் தண்ணீரில் ஆன்டிபயாட்டிக்கையும் கலந்து ஊற்றுகிறோம். இது தலைகீழ் வேலை என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் கடைசியில் கேள்வி கேளுங்கள்.

வீட்டில் நாட்டுக்கோழி அடை வைத்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். 21 நாள் அடைகாத்துக் குஞ்சு பொரித்ததும் தாய் அவற்றைக் குப்பைமேட்டுக்குக் கூட்டிப் போகும். கிளறும், கொத்தும், கூப்பிடும். குஞ்சுகள் தாயின் எச்சத்தையும் கொத்தும். நமக்கு அது அசிங்கம். குஞ்சுக்கு அதுதான் முதல் சீர்.

பொரிப்பகத்தில் நடப்பது வேறு. தாய்க்கோழிப் பண்ணையிலிருந்து முட்டை வருகிறது. கிருமிநீக்கம் செய்கிறோம். 18 நாள் ஒரு எந்திரத்தில், கடைசி மூன்று நாள் இன்னொரு எந்திரத்தில். பொரிந்ததும் மேரக்ஸ் தடுப்பூசி, பெட்டிக்கு நூறு என்று எண்ணிக்கை, வேன், புதிதாகத் தேங்காய் நார்க்கழிவு விரித்த கொட்டகை. கறிக்கோழி என்றால் ஆறு வாரத்துக்குள் கடைக்குப் போய்விடும். அதன் ஆயுளில் வயதுக்கு வந்த ஒரு கோழியைக்கூட அது பார்ப்பதில்லை. காட்டுக்கோழி காலத்திலிருந்து எத்தனையோ தலைமுறையாக வந்த கைமாற்றம், எந்திரப் பொரிப்பு பரவிய இந்த நூறு ஆண்டுக்குள் அறுந்துபோயிற்று. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எந்திரம் வந்ததால்தான் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் முட்டை கிடைக்கிறது. ஆனால் எதைப் பெற்றோம், எதை விட்டோம் என்ற கணக்கு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குடல் காலியாகவே இருந்துவிட்டால் என்ன என்று ஒரு கேள்வி வரும். நல்ல கேள்வி, பழைய கேள்வியும்கூட. பாக்டீரியா இல்லாமல் விலங்கு உயிர்வாழ முடியாது என்று 1885-இல் லூயி பாஸ்டர் கருதினார். அதைச் சோதிக்க ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் மாக்ஸ் ஷோட்டெலியஸ் என்பவர் கிருமியே இல்லாத கூண்டில் கோழிக்குஞ்சுகளை வளர்த்துப் பார்த்தார். குஞ்சுகள் தின்றன, ஆனால் தேறவில்லை. பாஸ்டர் சொன்னது சரி என்றே அவர் முடிவு கட்டினார். பிறகு 1912-இல் பாரிஸில் மிஷெல் கொஹெந்தி கிருமியில்லாக் குஞ்சுகளை நல்லபடியாக வளர்த்துக் காட்டினார். தீவனத்தில் எல்லாச் சத்தும் இருந்தால், கிருமி நெருங்காத கூண்டுக்குள் குஞ்சு நன்றாகவே வளரும் என்று இன்றைக்கு நமக்குத் தெரியும்.

ஆக, பாக்டீரியா இல்லாமல் குஞ்சு வாழும். கூண்டுக்குள் மட்டும். உங்கள் கொட்டகை அந்தக் கூண்டு இல்லை. அங்கே குடல் ஒரு நாள்கூடக் காலியாக இருக்காது.

பேருந்து நிலையத்தில் வண்டி வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, குஞ்சின் குடலில் நடப்பது அதுதான். முதலில் துண்டு போட்டவரை எழுப்புவது கஷ்டம். பொரிப்பகத் தூசி, பெட்டி, ஆள் கை, தண்ணீர்க் குழாய் என்று எங்கெல்லாம் படுகிறதோ அங்கிருந்தெல்லாம் முதலில் வந்து உட்காருவது பெரும்பாலும் ஈ.கோலை வகையறா. பிறந்த குஞ்சின் குடலில் இன்னும் ஆக்சிஜன் இருக்கும். அதைத் தாங்கக்கூடியவை இவை. ஆக்சிஜன் தீர்ந்ததும் வித்து உருவாக்கும் பாக்டீரியா வருகின்றன. வித்து என்பது தடித்த உறைக்குள் தூங்கும் நிலை. தூசியிலும் கூளத்திலும் மாதக்கணக்கில் கிடந்து பிழைக்கும். மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு: பாக்டீராய்ட்ஸ் முதலானவை. வளர்ந்த கோழியின் குருட்டுக்குடலில் இவற்றுக்குப் பெரிய பங்கு. இவை வித்து உருவாக்காது, காற்றுப் பட்டால் சீக்கிரம் செத்துவிடும். கழுவிக் காயவைத்த கொட்டகையில் இவை இருக்க வழியில்லை. ஒரு கோழியிடமிருந்துதான் இன்னொரு கோழிக்கு வரவேண்டும்.

செக் நாட்டின் பிர்னோ நகரிலுள்ள கால்நடை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தார் ஒரு நாள் குஞ்சுகளை வளர்ந்த கோழியோடு விட்டுப் பார்த்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். கோழியோடு 24 மணி நேரம் இருந்தாலே இந்த மூன்றாவது கூட்டம் குஞ்சுக்குள் வந்துவிடுகிறது. கோழியோடு இல்லாத குஞ்சுகளில் அது இல்லை. ஒரே ஒரு நாள்தான் வேண்டியிருக்கிறது. அந்த ஒரு நாளைத்தான் நாம் எடுத்துவிட்டோம்.

இனி ஃபின்லாந்துக்கு வருகிறேன். இந்தத் துறையின் முக்கியமான கதை அங்கேதான் நடந்தது.

1971-இல் அந்த நாட்டின் கறிக்கோழிப் பண்ணைகளில் சால்மோனெல்லா இன்ஃபான்டிஸ் என்ற கிருமி பரவியது. தீவனத்தின் மூலப்பொருள் வழியாக வந்தது. பறவைகள் கொத்துக்கொத்தாகச் சாகவில்லை. அந்தக் கறியைத் தின்கிற மனிதர்களுக்குத்தான் ஆபத்து. ஹெல்சிங்கியில் தேசிய கால்நடை மருத்துவ நிறுவனத்தில் இருந்த எஸ்கோ நுர்மி இதில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். வளர்ந்த கோழிக்கு சால்மோனெல்லா ஏறவேண்டுமானால் ஏராளமான அணுக்களைக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் குஞ்சுக்கோ ஐந்துக்கும் குறைவான அணுக்களே சில சமயம் போதும். இதை 1952-லேயே அமெரிக்காவில் மில்னர், ஷாஃபர் என்ற இருவர் காட்டியிருந்தார்கள். சில நாள் வயது கூடினாலே எதிர்ப்பு ஏறிவிடுகிறது என்பதையும் அவர்கள் கவனித்திருந்தார்கள். குஞ்சின் சொந்த நோய் எதிர்ப்பு அதற்குள் அவ்வளவு முதிர்ந்துவிடாது. அப்படியானால் தடுப்பது யார்?

குடலில் குடியேறிய பாக்டீரியாதான் என்று நுர்மி நினைத்தார். தனியாகப் பிரித்தெடுத்த லாக்டோபாசில்லஸைக் கொடுத்துப் பார்த்தபோது பலனில்லை. ஆரோக்கியமான வளர்ந்த கோழியின் குடல் சரக்கை மொத்தமாகக் கரைத்து, பொரிந்த குஞ்சின் வாயில் விட்டு, மறுநாள் சால்மோனெல்லாவைக் கொடுத்தபோது குஞ்சுகள் பெருமளவு தப்பின. நுர்மியும் அவருடைய சக ஆய்வாளர் ரன்டாலாவும் இதை 1973-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். இரண்டே பக்கக் கட்டுரை. மாணவர்களே, நூலகத்தில் தேடிப் படியுங்கள். அவ்வளவு சுருக்கமாக எழுத முடியும் என்பதற்காகவாவது.

லாக்டோபாசில்லஸ் பலிக்கவில்லை என்று சொன்னதை மறக்காதீர்கள். இன்றைக்கு நம் கடைகளில் புரோபயாட்டிக் என்று விற்கும் பொட்டலங்களில் பல அந்த இனத்தையோ பாசில்லஸையோ ஒன்றிரண்டு வகையாக வைத்திருப்பவை. அவற்றுக்கும் ஒரு பயன் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் தாய் கொடுத்திருக்கக்கூடிய சரக்கின் இடத்தை அவை நிரப்பாது. கொடுப்பதை நிறுத்தினால் சில நாளில் பல காணாமல் போய்விடும்.

ஃபின்லாந்தில் அந்தச் சரக்கையே ஆய்வகத்தில் காற்றுப் படாமல் வளர்த்து, நோய்க் கிருமி இல்லை என்று சோதித்து, 1987-இல் 'ப்ராய்லாக்ட்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பொரிப்பகத்திலேயே குஞ்சுகள் மேல் தெளித்துவிடலாம். இறகைக் கோதும்போது உள்ளே போய்விடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1995-இல் சேர்ந்தபோது, சால்மோனெல்லா விஷயத்தில் தங்கள் நாட்டுக்குத் தனி உத்தரவாதம் வேண்டும் என்று கேட்டுப் பெறும் அளவுக்கு ஃபின்லாந்தின் நிலைமை சுத்தமாக இருந்தது. இந்தத் தெளிப்பு ஒன்றால் வந்த சுத்தம் அது என்று சொல்ல முடியாது. தீவனக் கட்டுப்பாடு, தாய்க்கோழிகளைச் சோதிப்பது, குளிர் நாடு, சின்னச் சின்னப் பண்ணைகள் என்று எல்லாமும் சேர்ந்தது.

அமெரிக்காவில் வேறு சிக்கல். இது மருந்தா, உணவா? சால்மோனெல்லாவைத் தடுக்கும் என்று சொல்லி விற்றால் மருந்து. மருந்து என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் தரவேண்டும். கோழி எச்சத்துக்கு யார் பட்டியல் போடுவது? டெக்சஸில் வேளாண் துறை விஞ்ஞானிகள் பொறுமையாக உட்கார்ந்து 29 வகை பாக்டீரியாவை அடையாளம் கண்டு ஒரு கலவை தயாரித்தார்கள். 1998-இல் அதற்கு அனுமதி கிடைத்தது. அடையாளம் தெரியாத முழுச் சரக்குக்கு வேலைத்திறன் கூடுதல். அடையாளம் தெரிந்த கலவைக்குப் பாதுகாப்பு கூடுதல். இந்த இழுபறி இன்றும் தீரவில்லை.

வேலை எப்படி நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். குருட்டுக்குடல் பாக்டீரியா நார்ச்சத்தைப் புளிக்கவைத்து அசிட்டிக், புரொப்பியானிக், பியூட்டிரிக் என்று சிறு அமிலங்களை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பில் சால்மோனெல்லாவுக்கு வளர்ச்சி குறையும். பியூட்டிரிக் அமிலத்தைக் குடலின் உட்சுவர் செல்கள் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன, சுவர் இறுக்கமாகிறது. ஒட்டிக்கொள்ள இடமும் தின்ன இரையும் வருகிறவனுக்குக் கிடைப்பதில்லை. இன்னொரு வேலையும் உண்டு. கம்போரோ நோய் தாக்கும் பர்சா உறுப்பு உங்களுக்குத் தெரியும். அது கழிவாய்க்குள் திறக்கிறது, அங்கே வருவதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளிழுத்துக்கொள்கிறது. குடல் பாக்டீரியாவின் சாயலைப் பார்த்துத்தான் குஞ்சின் எதிர்ப்புச் சக்தி பாடம் கற்கிறது. நம் உடம்பில் எதிர்ப்புப் பொருள் தயாரிக்கும் பி செல்களைப் பற்றிய அறிவே 1956-இல் கோழியின் பர்சாவை வெட்டியெடுத்துப் பார்த்த புரூஸ் கிளிக்கின் ஆய்விலிருந்து தொடங்கியது.

அப்படியிருக்க நாம் ஏன் ஆன்டிபயாட்டிக் வழியில் போனோம்? அந்தக் கதை நுர்மிக்கும் முந்தியது. நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் லெடர்லே மருந்து நிறுவனம் இருந்தது. அங்கே ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திராவில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவர் தலைமையில் பெஞ்சமின் டக்கர் கண்டெடுத்ததுதான் ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக். 1948-இல் அது வெளிவந்தது. அதே ஆண்டு சுப்பாராவ் இறந்துபோனார். மருந்து வடித்தபின் மிஞ்சும் கசடு மலிவான பொருள். அதில் பி12 வைட்டமின் இருந்ததால் தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும் குஞ்சுத் தீவனத்தில் கலந்து பார்த்தார்கள். வைட்டமினால் வரக்கூடிய வளர்ச்சிக்கும் மேலே குஞ்சுகள் எடை போட்டன. ஒரு டன் தீவனத்துக்குச் சில கிராம் போதும். அப்போது யார்தான் வேண்டாம் என்பார்கள்? நானாக இருந்தாலும் கலந்திருப்பேன்.

அந்த எடை எங்கிருந்து வந்தது என்பதற்குப் பிறகு பதில் கிடைத்தது. இங்கிலாந்தில் மேரி கோட்ஸ் குழுவினர் 1963-இல் கிருமியில்லாக் குஞ்சுகளுக்குப் பென்சிலின் கொடுத்தார்கள். எடை கூடவில்லை. சாதாரணக் குஞ்சுக்குத்தான் கூடியது. மருந்து குஞ்சை வளர்க்கவில்லை. குடலில் உட்கார்ந்திருந்த வேண்டாதவர்களை அடக்கியது, அவ்வளவே. வேண்டாதவர்கள் உட்கார்ந்ததற்குக் காரணம், வேண்டியவர்கள் வராததும்தான்.

அந்த வழிக்கு என்ன விலை என்பதும் உங்களுக்குத் தெரியும்: மருந்துக்கு அடங்காத கிருமிகள். ஸ்வீடன் 1986-இல் வளர்ச்சிக்கான ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2006-இல் நின்றது. மனிதனுக்குக் கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் கொலிஸ்டினை நாம் கோழித் தீவனத்தில் போட்டுக்கொண்டிருந்தோம். இந்திய அரசு 2019-இல்தான் தடை செய்தது. நிறுத்திய நாடுகளில் எல்லாம் சுகமாக நடந்ததா என்றால் இல்லை. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற கிருமியால் குடல் அழுகல் பல இடங்களில் தலைதூக்கியது. ரத்தக் கழிச்சல் கட்டுப்பாட்டையும் கூளத்தையும் தீவனத்தையும் சரிசெய்த பிறகே அடங்கியது.

இப்போது நம் முதல் மூன்று நாள் மருந்து. பல பண்ணைகளில் குஞ்சு இறங்கியதும் தண்ணீரில் ஆன்டிபயாட்டிக் போவது வழக்கமாகிவிட்டது. ஏன் என்று கேட்டால் தொப்புள் நோய் என்பார்கள். பயம் பொய்யில்லை, மஞ்சள்கரு உறிஞ்சப்படாமல் ஈ.கோலை ஏறி முதல் வாரத்தில் குஞ்சு சாவது உண்மை. ஆனால் அந்த நோய் பிறந்த இடம் அழுக்கு முட்டையும் பொரிப்பகமும். அங்கே கழுவாததை இங்கே மருந்தால் கழுவுகிறோம். நோய் என்று மருத்துவர் சொன்னால் கொடுங்கள், தாராளமாக. நோயே இல்லாத குஞ்சுகளுக்கும் சேர்த்து, குடலில் இடம் பிடிக்கிற அதே நாளில் ஊற்றினால் மிஞ்சுவது மருந்துக்கு அடங்காதவை மட்டும்தான்.

இதைப் பண்ணையாளரிடம் சொல்லிப் பயன் குறைவு என்றும் எனக்குத் தெரியும். பல்லடம் முறையில் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையது. கிலோவுக்கு இவ்வளவு வளர்ப்புக் கூலி என்பது மட்டும்தான் விவசாயிக்கு. என்ன மருந்து எப்போது என்பது மேற்பார்வையாளர் எழுதும் சீட்டு. எனவே இந்தப் பேச்சில் பாதி, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பொரிப்பகக் கம்பெனிக்காரர்களுக்கு. குடல் சரக்கு கொடுப்பதானால் அதற்கு இடம் பொரிப்பகம். பண்ணையில் இறங்கி ஒரு நாள் கழித்துக் கொடுத்தால் பலன் குறைந்துவிடும். ஏற்கெனவே சால்மோனெல்லாவோடு பிறந்த குஞ்சுக்குப் பிறகு கொடுத்தும் பெரிய பயனில்லை. கேம்பிலோபேக்டர் என்ற இன்னொரு கிருமியிடம் இந்த முறை சரியாகப் பலிப்பதும் இல்லை. இதையெல்லாம் மறைத்து விற்க வருகிறவரை நம்பாதீர்கள்.

தண்ணீர் விஷயம் ஒன்று. உயிருள்ள பாக்டீரியாவைக் குளோரின் போட்ட தண்ணீரில் கலந்து கொடுத்தால் குழாயிலேயே அது செத்துப்போகும். தடுப்பூசித் தண்ணீருக்கு எவ்வளவு கவனம் எடுக்கிறீர்களோ அதே கவனம் இதற்கும் வேண்டும். ஆன்டிபயாட்டிக்கும் இதுவும் ஒரே நாளில் போகிற கூத்தையும் நான் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் பில் வந்துவிடும்.

பொரிந்ததிலிருந்து தீவனத்தைப் பார்க்கும் வரை குஞ்சு எத்தனை மணி நேரம் பட்டினி கிடக்கிறது என்பதும் இதோடு சேர்ந்தது. மஞ்சள்கரு தாங்கும் என்று ஒன்றரை, இரண்டு நாள் விட்டுவிடுகிறோம். உயிர் தாங்கும், குடல் தாங்காது. முதல் வாரத்தில் உடம்பைவிட வேகமாக வளர்வது சிறுகுடல். உள்ளே இரை போனால்தான் அது வளரும், பாக்டீரியாவுக்கும் வேலை இருக்கும். இறக்கிய மறுநாள் தீனிப்பையைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கோழியோடு நிற்கும் விஷயமும் இல்லை இது. தென்னாப்பிரிக்காவின் ஔட்ஸ்ஹோர்ன் ஊரில் தீக்கோழிப் பண்ணைகள் அதிகம். அங்கேயும் எந்திரத்தில்தான் பொரிப்பு, அங்கேயும் குஞ்சுச் சாவு பெரிய தலைவலி. 2020-இல் வந்த ஓர் ஆய்வில், செத்த குஞ்சுகளின் குடலில் பாக்டீரியா வகைகள் மிகவும் குறைந்து, ஈ.கோலை குடும்பத்தைச் சேர்ந்தவை பெருகிக் கிடந்தன. முதல் வாரத்து எச்சத்திலேயே சில வேறுபாடுகள் தெரிந்தன. காட்டில் தீக்கோழிக் குஞ்சும் பெரிய பறவையின் எச்சத்தைத் தின்றுதான் வளரும்.

வீட்டு நாட்டுக்கோழியைப் பிடித்து வந்து புரூடருக்குள் விட்டால் முடிந்ததே என்று ஒருவர் வரும் வழியிலேயே கேட்டார். தயவுசெய்து வேண்டாம். நல்ல பாக்டீரியாவோடு ராணிக்கெட், மைக்கோபிளாஸ்மா, ரத்தக் கழிச்சல், குடற்புழு எல்லாம் சேர்ந்து வரும். சோதித்த, நோயற்ற கோழியிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் வளர்த்த சரக்குதான் வேண்டும். அதை நம் நாட்டுக் கோழிகளிலிருந்தே உருவாக்க இந்த ஊர்க் கல்லூரி மாதிரி இடங்களில் ஆளும் அறிவும் இருக்கின்றன.

அதுவரை ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே வளாகத்தில் இரண்டு கொட்டகை, ஒரே பொரிப்பகத்துக் குஞ்சு. உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, ஒன்றில் முதல் மூன்று நாள் மருந்தை நிறுத்துங்கள், மற்றதில் வழக்கப்படி. ஏழாம் நாள் எடை, முதல் வாரச் சாவு, கடைசி எடை, எவ்வளவு தீவனம் தின்றது, இவ்வளவும் நோட்டில் இருக்கட்டும். தொப்புள் நோய் தெரிந்தால் உடனே மருந்து கொடுங்கள், அதையும் எழுதுங்கள். ஒரு பேட்ச் போதாது. வெயில் காலம் ஒன்று, மழைக்காலம் ஒன்றாவது வேண்டும். இரண்டு கொட்டகைக்கும் தீவனம் ஒரே லாரியில் வந்ததா என்பதையும் குறித்துவையுங்கள். மக்காச்சோளம் மாறியதால் வந்த வித்தியாசத்தை பாக்டீரியா தலையில் கட்டிவிடக் கூடாது.